எனக்காகத் தாமதிக்க வேண்டாம்

1

1981 பிப்ரவரி 11, புதன்கிழமை. அன்றைய டைரிப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: காலை 4.45-க்கு எழுந்தேன். சுபுஹு தொழுதேன். இடியாப்பம் நான்கு, தேங்காய்ப்பால். 6.20-க்குக் கம்பெனி பஸ். 7.00 மணிக்கு ஸ்டோரைத் திறந்தேன். ஒன்பதரைக்குள் பதினோரு சீட்டுகளுக்குச் சாமான் கொடுத்தாயிற்று. இரண்டங்குல வால்வு ஆறு போனது. வால்வு அடுக்கிய தட்டில் தொங்கும் இருப்பு அட்டையில் உடனே கழித்து எழுதினேன். 9.30 தேநீர். 11.10 தபால்.

இதுவரைக்கும் கையெழுத்து நேராக இருக்கிறது. பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பதினாறு வருடம் டைரி எழுதியதில் பாதியில் நின்ற பக்கம் அது ஒன்றுதான்.

தபாலில் வந்தது தம்பி யூசுப்பின் கடிதம். பட்டினத்திலிருந்து, அதாவது காரைக்காலுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து எழுதியிருந்தான். அடக்கம் எப்படி நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எந்த இடத்தில் குழி வெட்டினார்கள் என்ற விவரங்கள் இருக்கும் என்று எண்ணித்தான் பிரித்தேன். நின்றபடியே படித்தேன்.

"நானாவுக்கு யூசுப் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கு இன்று கொஞ்சம் தேவலை."

பதினொரு நாளுக்கு முன்னால், ஜனவரி 31 அன்று, வாப்பாவுக்காக நான் இங்கே, இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை நடத்தியிருந்தேன்.

2

அது நடந்து இந்த மாதத்தோடு ஏழு வருடம் ஆகிறது. இன்றும் பஹ்ரைனில்தான் இருக்கிறேன், அதே கம்பெனி, அதே ஸ்டோர். இதை எழுதிவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் நினைத்து, ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒத்திப்போட்டிருக்கிறேன். இதில் யார்மீதும் குற்றம் சொல்ல இடமில்லை. நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

தந்தி ஜனவரி 31, சனிக்கிழமை காலை 10.15-க்கு வந்தது. கொண்டுவந்தவர் கலியபெருமாள். நெடுங்காட்டுக்காரர், கம்பெனியில் லாரி ஓட்டுகிறார், தபால் அறைப் பக்கம் போனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வந்ததையெல்லாம் எடுத்து வந்துவிடுவார்.

"பாய், மொதல்ல உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.

"படிக்கட்டா, நீங்களே படிக்கிறீங்களா?"

"குடுங்க."

ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி யூசுப். ஐந்து சொற்கள். ஜனவரி 29 மாலை காரைக்காலில் கொடுத்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இந்த வரியின் அர்த்தத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரைவிட்டு வெளியே வந்த எல்லாருக்கும் ஒரு தடவையாவது இது வந்திருக்கும். என் மாமனார் போனபோது வந்தது இதே வரி. என் மனைவி மைமூனின் பெரியம்மா போனபோது வந்ததும் இதே வரி. அடுத்த அறையில் இருந்த மண்டபத்தூர்க்காரருக்கும் அண்ணன் விஷயமாக இதே வரி. எல்லாத் தடவையும் தந்தி கொடுக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

"எங்கப்பனுக்கும் இதேதான் வந்துச்சு" என்றார் கலியபெருமாள். "நான் போயி எறங்கறேன், பதினாறு முடிஞ்சு பந்தல அவுத்துக்கிட்டு இருக்கான். அந்த ஒரு வரிக்கு நம்மூரு தந்தியாபீசுல ரப்பர் ஸ்டாம்பே செஞ்சு வச்சிருக்கான் பாய்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கும் அந்த நேரத்தில் ஏதோ சிரிப்பு மாதிரி வந்தது.

எனக்கு இந்த வழக்கத்தைக் கற்பித்தவரே வாப்பாதான். அவர் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் காரைக்கால் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தவர். வந்த கப்பல், போன கப்பல், நாள், மணி எல்லாம் அவர் கையெழுத்துதான். சிங்கப்பூரிலும் சைகோனிலும் பிள்ளைகள் இருந்த வீட்டார் தந்தி எழுத அவரிடம்தான் வருவார்கள். ஒரு தடவை எதிர் வீட்டுப் பெண் அழுதுகொண்டு வந்து, "மவுத்துன்னே போட்டுருங்க மாமா, எதுக்கு மறைக்கணும்" என்று கேட்டாள்.

"போடக்கூடாதும்மா" என்றார் வாப்பா. "அந்தப் புள்ள தந்திய வாங்கறப்ப பக்கத்துல யாரு இருப்பான்னு நமக்குத் தெரியுமா? சீரியஸ்னு போடுவோம். வர்ற வழியில அவனாவே புரிஞ்சுக்குவான். பாதி அழுகை வழியிலயே தீந்துரும்."

கணக்கில் ஒரு நிமிடம்கூடத் தவறாத மனிதர். தந்தியில் மட்டும் இந்த ஒரு பொய்யை அனுமதித்தார். அவர் வீட்டிலிருந்து அவரைப் பற்றியே அந்த வரி வரும்போது நான் வேறு எப்படிப் படித்திருப்பேன்?

3

பத்தே முக்காலுக்கு பணியாளர் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அதிகாரி பார்க்கர் என்ற ஆங்கிலேயர். நல்ல மனிதர், விதிப்படி நடப்பவர். விதி இதுதான்: பெற்றோர் இறந்தால் மூன்று நாள் விடுப்பு, இங்கேயே இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் உயிருக்குப் போராடும் நிலையில் இருந்தால் ஊர் போய்வர இரண்டு வாரம், கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டை அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். இறந்த பிறகு போய் என்ன செய்யப் போகிறாய், இருக்கும்போது போய்ப் பார் என்று யோசித்து எழுதப்பட்ட விதி.

பார்க்கர் தந்தியைப் படித்துவிட்டு நேராகப் பாஸ்போர்ட் அலமாரிச் சாவியை எடுத்தார்.

"நாளைக் காலை பம்பாய் விமானத்தில் இடம் இருக்கும். போய்விட்டு வாருங்கள்."

"வேண்டாம் சார்" என்றேன். "என் தகப்பனார் இறந்துவிட்டார்."

அவர் தந்தியை மறுபடி பார்த்தார். "சீரியஸ் என்றுதானே இருக்கிறது?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் இறப்பைத் தந்தியில் சொல்ல மாட்டார்கள், இப்படித்தான் எழுதுவார்கள், இது எல்லாருக்கும் தெரியும் என்றேன். எங்களில் அடக்கம் அன்றைக்கே நடந்துவிடும், நான் போய்ச் சேரும்போது நான்கு நாள் ஆகியிருக்கும், ஆகவே உயிரோடு இருப்பவருக்கான விடுப்பை நான் வாங்குவது சரியில்லை என்றும் சொன்னேன். பார்க்கர் சற்று நேரம் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயம் சார்."

சாவியைத் திரும்ப மாட்டினார். மற்றப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். 'மை ஃபாதர் ஹேஸ் டைடு ஆன் 29 ஜனவரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

வெளியே கலியபெருமாள் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன பாய் பைத்தியமா? அவனே சாவிய எடுத்துட்டான்ங்கிறீங்க. தந்தியில என்ன இருக்கோ அதக் காட்டிட்டுப் போயிட்டு வர வேண்டியதுதான. யாரு கேக்கப் போறா?"

"பொய் சொல்லிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"ஆமா, இவரு ஒருத்தருதான் அரிச்சந்திரனோட பேரன்."

தந்தி அலுவலகத்துக்குப் போய், ஊருக்குப் பதில் கொடுத்தேன். நேரத்துக்கு வந்து சேர முடியாது, எனக்காகத் தாமதிக்க வேண்டாம். ஒருவேளை மூத்த மகனுக்காக மய்யித்தை அடக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்துவிடக் கூடாது என்ற எண்ணம். அந்த இரண்டு வரிகளை எழுதும்போது எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. வாப்பா பார்த்திருந்தால் சரியாகச் செய்தாய் என்று சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

அன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு தொழிலாளர் குடியிருப்பின் தொழுகை அறையில் காயிப் ஜனாஸா, அதாவது மய்யித் முன்னால் இல்லாமல் தொலைவிலிருந்து தொழும் தொழுகை, நடந்தது. இரண்டு வரிசை, பத்தொன்பது பேர். கலியபெருமாள் வெளியில் செருப்புகளுக்கு அருகே கைகட்டி நின்றார்.

4

இந்த இடத்தில் என் ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சில். பத்தொன்பது வயதுவரை எனக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தியக் கொடி ஏறிய பிறகு அலுவலகங்களில் ஆங்கிலம் வந்தது, நானும் காதால் கேட்டுக் கற்றேன். காதால் கற்றதில் காலம் சரியாக வராது. தமிழில் 'ஒன்பது வருஷமா இங்க இருக்கேன்' என்போம். பிரெஞ்சிலும் நிகழ்காலத்தில்தான் அதைச் சொல்வார்கள். நானும் அதே மாதிரி, 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் நைன் இயர்ஸ்' என்று எழுதுவேன். நேற்று நடந்ததை பிரெஞ்சில் 'ஹேவ்' போன்ற ஒரு துணைச் சொல் போட்டுச் சொல்வது வழக்கம், அதையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவேன். என் மகள் நூர் பன்னிரண்டு வயதிலேயே இதையெல்லாம் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். "வாப்பா, ப்ளீஸ், ஃபோன்ல என் ஃப்ரெண்ட்ஸ் பேசுனா நீங்க எடுக்காதீங்க" என்று சொன்ன நாள் டைரியில் இருக்கிறது.

ஸ்டோர் பொறுப்பாளராக உயர்வதற்கு அறிக்கை எழுதும் பரீட்சை ஒன்று உண்டு. அதற்காகக் கம்பெனியில் சனியும் செவ்வாயும் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு நடந்தது. நடத்தியவர் பார்க்கரின் மனைவி. என் நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தேன். இடப் பக்கம் யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ, இன் 1954. வலப் பக்கம் சின்ஸ், ஃபார், யெட், ஆல்ரெடி, சோ ஃபார். இடப் பக்கத்துச் சொல் வந்தால் சாதாரண இறந்தகாலம். வலப் பக்கத்துச் சொல் வந்தால் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' சேர வேண்டும், ஏனென்றால் அந்தக் காரியம் இன்னும் இன்றைக்கு வந்து தொட்டுக்கொண்டிருக்கிறது. நாளைக் குறிப்பிட்டுவிட்டால் காரியம் முடிந்தது, அதற்குமேல் 'ஹேஸ்' கிடையாது என்று திருமதி பார்க்கர் சொன்னார்.

அது பிப்ரவரி 7, சனிக்கிழமை. நான் பார்க்கரிடம் கொடுத்த படிவம் நினைவுக்கு வந்தது. தேதியும் போட்டு 'ஹேஸ்'ஸும் போட்டிருந்தேன். வாப்பாவின் மரணத்தைச் சொல்லும் வாக்கியத்தில் பிழை இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் தேநீர் இடைவேளையில் போய், படிவத்தை வாங்கி, அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பார்க்கர் அதை மறுபடி கோப்பில் வைத்தார்.

பத்தாம் தேதி வகுப்பில், தகப்பனாரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார் திருமதி பார்க்கர். என் அருகே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விஷயம் அவருக்கும் தெரியும். நான் பழக்கத்தில், 'என் தந்தை வாழ்நாள் முழுதும் பட்டினத்தில் வாழ்ந்திருக்கிறார்' என்ற பொருளில் 'ஹேஸ்' போட்டு எழுதியிருந்தேன். அவர் பென்சிலால் அதன் அடியில் மெல்லக் கோடிட்டார்.

"இது உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சொல்வது" என்றார். "உங்கள் தந்தைக்கு, மன்னிக்கவும், 'லிவ்டு' போதும்."

திருத்தி எழுதினேன். ஐந்து வாக்கியத்திலும் திருத்தினேன்.

5

அடுத்த நாள் வந்த கடிதத்தை முழுதாகச் சொல்கிறேன். தேதி பிப்ரவரி 2.

"வாப்பாவுக்கு இன்று கொஞ்சம் தேவலை. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். தொழுகைக்கு ஒளூச் செய்யும்போது விழுந்தார்கள், அதிலிருந்து இடது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறுகிறது. ஆளைத் தெரிகிறது. கஞ்சி இரண்டு வாய் இறங்குகிறது. நேற்று உங்கள் தந்தி வந்தது. வர முடியாது என்பது விளங்கியது. எதைத் தாமதிக்க வேண்டாம் என்று போட்டிருக்கிறீர்கள் என்பது எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. உம்மா ஒரு பொழுது முழுக்க அழுதார்கள். வாப்பாவிடம் தந்தியைப் பற்றிச் சொல்லவில்லை. நீங்கள் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறோம். வாசலில் கார் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறார்கள். டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. எப்படியாவது வரப் பாருங்கள் நானா."

இரண்டு தடவை படித்தேன். 'குழறுகிறது', 'இறங்குகிறது', 'திருப்புகிறார்கள்'. எல்லாம் நிகழ்காலம். ஆனால் ஒன்பது நாள் பழைய நிகழ்காலம். எழுதியவனுக்கு இன்றாக இருந்தது எனக்கு எதுவென்று தெரியவில்லை. தொலைபேசி கிடையாது. பட்டினத்தில் அரிசி மண்டிக்காரர் வீட்டில் ஒன்று உண்டு. அதற்கு ட்ரங்க் கால் பதிந்தால் இரண்டு நாள் ஆகும், சமயத்தில் வராமலே போகும்.

ஸ்டோரைப் பூட்டாமல் கிளம்பினேன். அதுவும் அன்று ஒருநாள்தான்.

பார்க்கர் என் கோப்பை எடுத்து மேசைமேல் பிரித்தார். மேலே அந்தப் படிவம் இருந்தது, ஓரத்தில் என் சுருக்கொப்பத்தோடு.

"இறந்துவிட்டார் என்று நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "நான் தந்தியை நம்பினேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். மூன்று நாள் முன்னால் வந்து இதைத் திருத்தவும் செய்தீர்கள்."

"ஆமாம் சார். தவறு என்னுடையது. அவர் உயிரோடு இருக்கிறார்."

"இப்போது இருக்கிறாரா?"

கடிதத்தைக் காட்டினேன். தேதியை அவரே பார்த்துவிட்டார்.

"இது இரண்டாம் தேதி. இன்று பதினொன்று."

"ஆமாம் சார்."

"ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் தந்தை உயிரோடு இருக்கிறார் என்று. அதை வைத்து முதல் படிவத்தை ரத்து செய்யலாமா என்று மேனேஜரிடம் கேட்கிறேன்."

வெள்ளைத் தாளை நகர்த்தினார். பேனாவைத் திறந்தேன். 'மை ஃபாதர்' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அடுத்த சொல் 'இஸ்' என்று இருக்க வேண்டும். நிச்சயம் என்று சொல்லி ஒரு தடவை எழுதியாயிற்று. அந்தக் காகிதம் எதிரிலேயே கிடந்தது. மறுபடி தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட என் கை வரவில்லை. கலியபெருமாள் அங்கே இருந்திருந்தால் எழுதித் தொலைங்க பாய் என்று கத்தியிருப்பார். அது சரியான யோசனையாகவும் இருந்திருக்கும். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. கடைசியில், பிப்ரவரி 2-ஆம் தேதி என் தந்தை உயிரோடு இருந்தார் என்று எழுதினேன். இலக்கணப்படி அதில் பிழை இல்லை.

பார்க்கர் படித்தார். "இதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது, மிஸ்டர் ஜமால். ஊரில் ஒரு டாக்டரிடம் சொல்லி, இன்றைய தேதியில் அவர் நிலைமையைத் தந்தியாக அனுப்பச் சொல்லுங்கள். மேனேஜரும் சனிக்கிழமைதான் வருகிறார். தந்தி வந்த நிமிடம் பாஸ்போர்ட்டைத் தருகிறேன்."

அவருக்கும் வேறு வழியில்லை என்று எனக்குத் தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாலை 4.20-க்குத் தந்தி கொடுத்தேன். வாப்பா நிலை டாக்டர் பெயரில் உடனே தந்தி கொடு, வருகிறேன் என்று.

6

வீட்டில் மைமூன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அப்ப அன்னைக்கு நீங்க தொழுதது?"

அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"உசுரோட இருக்கற மனுசருக்கா? யா அல்லாஹ்." பிறகு அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தாங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மவுத்தாயிட்டாங்கன்னு பொய்ச் சேதி பரவுனா ஆயுசு கெட்டியாவுமாம். எங்க உம்மா சொல்லுவாங்க. நீங்க வேணும்னா பாருங்க, மாமா உங்களப் பாக்காம போவ மாட்டாங்க."

நூர் பள்ளிக்கூடப் பையோடு கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டனாரைக் கடைசியாக அவள் பார்த்தது பத்து வயதில், இரண்டு மாத விடுமுறையில். வெயிலும் கொசுவும் தவிர அந்த விடுமுறையில் அவளுக்கு என்ன நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"க்ராண்ட்பா இருக்காங்களா?"

"இரண்டாந்தேதி இருந்தாங்கம்மா."

"இப்ப?"

"தெரியலை."

அவள் பையைக் கீழே வைத்தாள். "நான் காம்போசிஷன் எழுதிட்டேனே வாப்பா. க்ராண்ட்பா செத்துட்டாங்கன்னு. மிஸ் அத க்ளாஸ் சுவத்துல ஒட்டிருக்காங்க. எல்லாரும் எனக்குக் கார்ட் குடுத்தாங்க. இப்ப நான் போயி என்ன சொல்றது?"

"இப்ப அதுவா முக்கியம்?" என்று மைமூன் சத்தம் போட்டாள்.

நூர் அழ ஆரம்பித்தாள். பாட்டனாருக்காக அழுதாளா, சுவரில் ஒட்டியதற்காக அழுதாளா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவளைக் கோபிக்கத் தோன்றவில்லை. பார்க்கரின் கோப்பு எனக்கு எப்படியோ அப்படித்தான் அவளுக்கு அந்தச் சுவர்.

ஐந்தரைக்குக் கலியபெருமாள் வந்தார். செய்தி கேட்டிருக்கிறார். வாசலுக்குள் வராமல் நின்றார்.

"பாய், அன்னைக்கு நான் ரப்பர் ஸ்டாம்புன்னு…"

"விடுங்க."

"இல்ல பாய், நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா நீங்க அந்தத் தந்திய இன்னொரு தபா படிச்சிருப்பீங்க."

நான் படித்திருக்க மாட்டேன். அவரிடம் அதைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்பது தெரியாது. உள்ளே வரச் சொல்லியும் வராமல், பார்க்கர் வீட்டு வாசலில் போய் உட்காரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

இனி எழுத வேண்டியது கொஞ்சம்தான். பதில் தந்தி பதினான்காம் தேதி, சனிக்கிழமை பகல் 12.30-க்கு வந்தது. இந்தத் தடவையும் யூசுப் எதையும் மறைக்கவில்லை. வாப்பா ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை விடியற்காலையில் மவுத்தாகிவிட்டார், அன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வர முடியாது என்று நான்தான் சொல்லியிருந்தேனே, அதனால் அன்றைக்குக் கடிதம் மட்டும் போட்டிருந்தான். நான் பதினொன்றாம் தேதி பார்க்கர் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாப்பா போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று துணிந்து 'இஸ்' என்று எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆனால் ஜனவரி 31 அன்று பார்க்கர் தரவிருந்த பாஸ்போர்ட்டை வாங்கியிருந்தால், பிப்ரவரி 2-ஆம் தேதி மாலைக்குள் பட்டினத்தில் இறங்கியிருப்பேன். ஏழு நாள் வாப்பா பக்கத்தில் இருந்திருப்பேன். வாசலில் நின்ற கார் என்னுடையதாக இருந்திருக்கும்.

பத்தாம் தேதி வகுப்பில் நான் திருத்தி எழுதிய ஐந்து வாக்கியங்களும் சரியானவைதான். அப்படி எழுத எனக்கு இருந்த காரணம் மட்டும் தவறு.

பார்க்கர் என் கோப்பில் தேதியை மட்டும் மாற்றினார். விடுப்பு ஏற்கனவே எடுத்தாயிற்று என்று இருந்ததால் மறுபடி தரவில்லை. பதவி உயர்வுப் பரீட்சையில் அந்த மே மாதம் தேறினேன். காலங்களுக்கான பகுதியில் முழு மதிப்பெண். உம்மா என்னிடம் அந்தத் தந்தியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. வாப்பா கடைசிவரை நீங்கள் வருவதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று யூசுப் ஒரு தடவை சொன்னான், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

இவை எல்லாம் பின்னால் தெரிந்தவை. பிப்ரவரி 11 அன்று எனக்கு இதில் எதுவும் தெரியாது. அன்று படுக்கப் போகும்போது வாப்பா இருக்கிறார் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை 4.40-க்கு எழுந்தேன். சுபுஹு தொழுதேன். முந்தின பதினொரு நாளும் அவருடைய மண்ணறைக்காக ஏந்திய கையை ஏந்தி, முதல் காரியமாக, வாப்பாவின் இடது கைக்கும் காலுக்கும் குணம் கேட்டேன்.